செக்கிங் பாட்டு

மைக் செட்டுக்காரர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் பாய் என்று கேட்டு வந்த தம்பிகள் ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் படிக்கப் போகிறார்களாம். அதனால் ஊக்கம் தருகிற மாதிரி இருக்க வேண்டுமாம். முப்பது வருஷம் மைக் செட் தூக்கியவனிடம் ஊக்கம் கேட்டால் எங்கே போவது? முதுகுவலி கேட்டிருந்தால் தாராளமாகத் தந்திருப்பேன். ஊக்கத்தை வேறு யாராவது எழுதட்டும். நான் ஒரு பாட்டை வெளியிட்டு, ஊரெல்லாம் பரப்பி, அதே கையால் அதன் கழுத்தை நெரித்த கதையைச் சொல்கிறேன்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வாடிக்கையாளர்கள் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவார்கள்; அதன்படி கேசட்டில் பதிந்து கொடுப்பேன். கடையின் மாடியில் மைக் செட். பாக்ஸ், குழாய், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் போய்வரும். இந்த இரண்டு தொழிலும் ஒரே ஆளிடம் இருந்ததுதான் ஸ்டெல்லாவுக்குப் பிடித்த சனி.

தொண்ணூறுகள் முடிகிற சமயம் அது. ஸ்டெல்லா என் கடைக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். எரியோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் மாதா கோயிலில் பாடற்குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பாள். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் கடைக்கு வந்து ஒரு கேசட்டை நீட்டினாள்.

"அண்ணே, இதச் செத்த நேரம் கேட்டுப் பாருங்க."

போட்டேன். முதலில் 'தும் தும்' என்று பாஸ் மட்டும் வந்தது. பிறகு தகரத்தில் கரண்டியால் தட்டுகிற மாதிரி ஒரு கூர்மையான சத்தம். இடது பக்க ஸ்பீக்கரில் ஒரு தடவை, வலது பக்கத்தில் ஒரு தடவை.

"பாட்டு எப்பம்மா ஆரம்பிக்கும்?"

"இதாண்ணே பாட்டு."

"பாடுறது யாரு?"

"யாரும் பாடல. இது ஆடுறதுக்கு."

கம்ப்யூட்டர் சென்டரின் தகரக் கூரையைத் தட்டி, அந்தச் சத்தத்தைப் பதிந்து, கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, கோயில் கீபோர்டின் ஓசைகளையும் சேர்த்து ஏழு நிமிஷத்துக்கு ஒரு நடன இசை செய்திருந்தாள். பேரும் 'தகரம்'தான்.

"தகரம்னு பேரு வச்சா எவன் ஆடுவான்?"

"ஆடி முடிச்சிட்டுத்தானண்ணே பேரக் கேப்பாங்க."

அதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். கேசட்டை நிறுத்திவிட்டு, "நல்லாருக்கும்மா" என்றேன். ஒன்றரை நிமிஷம் கேட்டிருப்பேன்.

அவளுக்கு அவசரம் இருந்தது. சென்னையில் விளம்பரங்களுக்கு இசை செய்யும் ஒரு ஸ்டுடியோவுக்கு வேலை கேட்டு எழுதியிருந்தாள். தபாலில் வரும் கேசட்டுகளை நாங்கள் கேட்பதில்லை, மூட்டை மூட்டையாக வருகிறது, உங்கள் இசை ஏதாவது வெளியாகி ஜனங்கள் அதை ரசித்தால் தெரியப்படுத்துங்கள், நேரில் வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார். மகளுக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே கம்ப்யூட்டர் டீச்சர் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். "ஜூன் வரைக்கும் பாரு தாயி. அதுக்குள்ள மெட்ராஸ் அமையலன்னா பள்ளிக்கூடத்துல சேந்துரணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் என்னிடம் வந்தபோது தை மாதம்.

வெளிநாடுகளில் இப்படி ஒரே ஒரு பாட்டைத் தனியாக வெளியிடுவார்களாம். நாமும் அப்படியே செய்வோம் என்றாள். நானும் சரி என்றேன். தொழிலில் பத்துப் பதினைந்து வருஷம் ஓட்டியவனுக்கு வருகிற ஒரு தைரியம் உண்டு. அதற்கு நல்ல பேர் எதுவும் கிடையாது. கேசட்டின் முதல் பக்கத்தில் 'தகரம்', இரண்டாம் பக்கத்திலும் அதே 'தகரம்'. அட்டையில் அவள் பேர், கீழே என் கடைப் பேர். டவுனில் இருந்த கேசட் கடைகளுக்கெல்லாம் கொடுத்தேன்.

ஒரே வாரத்தில் திரும்பி வரத் தொடங்கின.

"என்ன பாய், ஏழு நிமிஷத்துக்கு மேல வெறும் காத்து வருது? மிச்சப் பாட்டு எங்க?" என்றார் ஒரு கடைக்காரர்.

"பாட்டே ஒண்ணுதான்."

"அப்ப அந்தப் பக்கம்?"

"அதே பாட்டு."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பரிதாபமாகப் பார்த்தார். தாடிக்கொம்பிலிருந்து ஒருவர் நேராக என் கடைக்கே வந்து, பதியும்போது தூங்கிவிட்டீர்களா என்று அக்கறையாக விசாரித்தார். ஒரு கேசட்டில் பத்துப் பாட்டு இருக்கும் என்பது நம் ஜனங்களுக்கு இட்லிக்குச் சட்னி மாதிரி. இல்லாவிட்டால் சமையல் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். அந்த வெற்றிடம் பிடித்து வாங்கியவர் ஒருவரும் இருந்தார். மகளின் பேச்சுப்போட்டி உரையை அதில் பதிந்துகொண்டதாகவும், கேசட் நல்ல தரம் என்றும் பாராட்டினார்.

மாசி போய்விட்டது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

திரும்பி வந்த கேசட்டுகளை ஒரு பெட்டியில் போட்டு மைக் செட்டுக்காரர்கள் சங்கக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். அது போதாமல் புதிதாகவும் காப்பி போட்டு, மாவட்டம் முழுக்க ஆளுக்கு ஒன்று, இரண்டு என்று சும்மாவே கொடுத்தேன். நிகழ்ச்சிகளில் இவர்கள் போட்டால் ஜனங்கள் கேட்பார்கள், ஆடுவார்கள், கடையில் வந்து கேட்பார்கள் என்பது என் கணக்கு. கொடுக்கும்போது இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டாமா? எனக்குத் தெரிந்த பாராட்டைச் சொன்னேன்.

"கேட்டுப் பாருங்கப்பா. பாஸ் தனியா, டிரெபிள் தனியா, லெஃப்ட் ரைட் தனித்தனியா, கண்ணாடி மாதிரி கேக்கும்."

தம்பிகளே, உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். எனக்குத்தான் அன்றைக்குப் புரியவில்லை. பாடுகிறவர் குரலே இல்லாத, பாஸும் டிரெபிளும் பிரித்துப் பிரித்துக் கேட்கிற ஒரு கேசட்டை மைக் செட்டுக்காரன் கையில் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? கூட்டம் சேர்வதற்கு முன்னால் பாக்ஸ்களைச் செக்கிங் செய்யப் போடுவான். இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டு, பக்திப் பாட்டோ சினிமாப் பாட்டோ போடுவான். அத்தனை பேரும் அதைத்தான் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்னொருவன் கொடுத்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் 'தகரம்' ஒலிக்காத ஊர் இல்லை. சின்னாளப்பட்டியில் தறி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவர்களுக்குத் தெரியும். அதற்கு ஜனங்களே வைத்த பேர் செக்கிங் பாட்டு. அது கேட்டால் விசேஷம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று அர்த்தம். "இன்னும் செக்கிங் பாட்டுத்தான் ஓடுது, பதறாமக் குளிச்சிட்டு வா" என்று ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா மகளிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். எங்கள் வட்டாரத்திலேயே இத்தனை பேர் கேட்ட நடன இசை வேறொன்று இருந்திருக்காது. அதைக் கேட்டு ஆடியவர் மட்டும் ஒருவர்கூட இல்லை.

ஸ்டெல்லா ஒரு நாள் கடைக்கு வந்து சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். எரியோட்டில் கோயில் திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம் அது ஓடியபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா காதைப் பொத்திக்கொண்டு, "இத எப்பத்தான் நிறுத்துவாய்ங்களோ" என்றாராம்.

"உன்னோட பாட்டுன்னு சொல்லலியாம்மா?"

"நிறுத்துன பெறகு சொல்லலாம்னு இருந்தேன். நிறுத்துனதும் அவருக்கு அம்புட்டுச் சந்தோசம். எப்படிண்ணே சொல்றது?"

ஆனாலும் அவள் விடவில்லை. மாவட்டம் முழுவதும் ஒலிக்கிறது என்று சென்னைக்கு எழுதிப் போட்டாள். அது பொய் இல்லை. வைகாசியில் பதில் வந்தது. ஸ்டுடியோவின் ஆள் ஒருவர் மதுரைக்குப் போகிறார். வழியில் இறங்கி, ஜனங்கள் அதை எப்படி ரசிக்கிறார்கள் என்று பார்ப்பார்.

அந்தத் தேதியில் எனக்குச் சின்னாளப்பட்டியில் ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. மண்டபத்தில் இளவட்டக் கூட்டம் நிறைய வரும், மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடுவதற்கென்றே வருகிறவர்கள். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று முடிவு செய்தோம். செக்கிங்குக்கு அன்றைக்கு மட்டும் வேறு கேசட் போட்டேன். கூட்டம் நிறைந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வந்து, நாலு சினிமாப் பாட்டு ஓடி, எல்லோரும் ஆடிக் களைகட்டியிருக்கும்போது 'தகரம்' போட வேண்டும். செக்கிங் என்று யாரும் நினைத்துவிடக்கூடாதே என்று கலர் லைட்டுகளையும் சுழலவிட ஏற்பாடு செய்தேன். சென்னைக்காரர் மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தார். ஸ்டெல்லா பெண்கள் பக்கம், மண்டபத்தின் அந்தக் கோடியில் நின்றாள்.

நான்காவது பாட்டு முடிந்தது. 'தகரம்' போட்டேன்.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாற்காலிகளைத் தேடிப் போய் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் சோடா குடிக்க வெளியே போனார்கள். போட்டோக்காரர் இதுதான் சமயம் என்று ஃபிலிம் ரோல் மாற்ற ஆரம்பித்தார்.

"செட்டுல என்னமோ கோளாறு போல" என்றார் ஒருவர்.

"ஆமா, லைட்டையும் சேத்துல்ல செக் பண்றாய்ங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மேடையில் அறிவிப்பாளர் ஒருவர் இருந்தார். பல வருஷ அனுபவசாலி. இந்த இசை கேட்டால் அவர் கை தானாக மைக்குக்குப் போகும். போயிற்று. பாட்டுக்கு மேலேயே, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்றார். அதோடு விடவில்லை. "அன்பார்ந்த உறவினர்களே, செத்த நேரம் பொறுத்துக்கங்க, நிகழ்ச்சி இப்ப ஆரம்பிச்சிரும்."

பெண்ணின் தாய்மாமன் மேஜைக்கு வந்துவிட்டார்.

"என்ன பாய் இது? பொண்ணு மாப்பிள்ள மேடையில நிக்கிறாக, இப்பப் போயி செக்கிங்கா?"

"செக்கிங் இல்லங்க, பாட்டுத்தான்."

"எங்களுக்குத் தெரியாதா எது பாட்டுன்னு? நிறுத்துங்க பாய் மொதல்ல!"

நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கோடியில் ஸ்டெல்லா இரண்டு கையையும் தூக்கி, பொறுங்கள், பொறுங்கள் என்று காட்டிக்கொண்டிருந்தாள். ஓடத் தொடங்கி இரண்டரை நிமிஷம் ஆகியிருந்தது. ஒரு பக்கம் கையை மட்டும் அசைக்கிற பெண். இன்னொரு பக்கம் காதருகே கத்துகிற தாய்மாமன். நெருக்கடி வந்தால் கத்துகிறவர் சொல்வதுதான் நியாயம் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. இது நம் தொழிலுக்கே உள்ள வியாதி. நாள் முழுக்கச் சத்தத்தை அளந்து அளந்து வந்தது. பட்டனை அமுக்கினேன். ஒரு சினிமாப் பாட்டைப் போட்டேன். சோடா குடிக்கப் போனவர்கள் ஓடிவந்து ஆடினார்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அத்தனை நிம்மதியாக இருந்தது.

சென்னைக்காரர் எழுந்து என் மேஜைக்கு வந்தார். கோபமெல்லாம் இல்லை, உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

"இது ஏதோ தொடக்கம் மாதிரி இருந்துதே. இதுக்கப்புறம் என்ன வரும்?"

அவர் கேட்டது சாதாரணக் கேள்வி. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அல்லது இந்தப் பாட்டைச் செய்த பெண் அதோ நிற்கிறாள், கேளுங்கள் என்றாவது கைகாட்டியிருக்கலாம். வெளியிட்டவன் தெரியாது என்று சொன்னால் மதிப்பு என்னாவது?

"இதேதான் சார், கடைசி வரைக்கும் இப்படியே போகும்."

அவர் தலையை ஆட்டினார். மதுரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். ஆடுகிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஸ்டெல்லா வந்து சேர்ந்தபோது அவர் நாற்காலி காலியாக இருந்தது.

"என்னண்ணே கேட்டாரு?"

சொன்னேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

அதையும் சொன்னேன்.

"நீங்க முழுசாக் கேட்டதே இல்லையாண்ணே?"

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாகக் கேட்டேன். மூன்றாவது நிமிஷம் முடிகிறபோது எல்லாச் சத்தமும் சட்டென்று நிற்கிறது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரே ஒருவர் கைதட்டுகிறார். இரண்டு பேர். நாலு பேர். எரியோட்டுக் கோயிலில் பாட்டுப் பழக வரும் பெண்களை வரிசையாக நிற்கவைத்துப் பதிந்திருக்கிறாள். இருபது கைகள் சேர்ந்ததும் அடியில் பாஸ் வந்து தூக்குகிறது, மேலே தகரம் மழை பிடித்த மாதிரி இறங்குகிறது. முதல் மூன்று நிமிஷமும் இதற்காகத்தான் ஒவ்வொன்றாக அடுக்கி வைத்திருக்கிறாள். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். காலை ஒன்பதரை மணிக்குக் கடைக்குள் தனியாக ஆடினேன். ஆடி முடித்ததும் நேற்று நான் செய்தது என்னவென்று உறைத்தது. உட்கார்ந்து அழுதேன்.

சென்னைக்காரர் ஊர் திரும்பியிருக்கும் நாளாகப் பார்த்து ஃபோன் போட்டேன்; அவரே எடுத்தார். மூன்று நிமிஷத்துக்குப் பிறகு வேறு மாதிரி வரும் சார், நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அந்த இடத்துக்கு வேறு ஒருவரைப் பேசி முடித்துவிட்டார்களாம். "நீங்கதானே சார் அப்படியே போகும்னு சொன்னீங்க" என்றார், மரியாதையாக.

ஜூனில் அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். நான் எரியோட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.

"முழுசாக் கேட்டேம்மா. ரொம்ப நல்லாருக்கு."

"எம்புட்டு காப்பிண்ணே போட்டீங்க?"

"ஐநூறு இருக்கும்."

"ஐநூறு தடவ உங்க கை வழியாத்தான போயிருக்கு."

சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு வேகமாகக் காப்பி போடுவதுதான் எங்கள் வழக்கம் என்ற விளக்கம் வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். "டீ சாப்பிட்டுப் போங்கண்ணே" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அந்த டீ தொண்டையில் இறங்கியிருக்கும்.

கேசட் போய் சி.டி. வந்தது. 'தகரம்' மட்டும் போகவில்லை. அதைவிட நல்ல செக்கிங் பாட்டு நம் ஆட்களுக்குக் கிடைக்கவில்லை. யார் செய்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நானும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், இரண்டு நிமிஷம் மட்டும். முழுதாக ஓடவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அதற்குள் யாராவது வந்து பக்திப் பாட்டுப் போடச் சொல்வார்கள்.

ஏழெட்டு வருஷம் கழித்து எரியோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் கல்யாணம். பந்தலில் பாக்ஸ்களை அடுக்கி, செக்கிங் போட்டேன். முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷம் ஆனதும் பட்டனுக்குக் கை போயிற்று.

"ஏய், நிறுத்தாதீக! நிறுத்தாதீக!" என்று பந்தலின் நாலு பக்கத்திலிருந்தும் கூச்சல் கிளம்பியது.

ஷார்ட் சர்க்யூட் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், இருபது வயதுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறார்கள். பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு என் மேஜைக்கே ஓடிவந்துவிட்டாள்.

"பாய், கைய எடுங்க. இனிமேத்தான் கைதட்டு வரும்."

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"எங்க ஸ்டெல்லா டீச்சர் பாட்டு இது. வருசா வருசம் ஆண்டு விழாவுல இதுக்குத்தான் ஆடுவோம்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். "இத மொதமொதல்ல வெளியிட்டதே நான்தாம்மா" என்றேன்.

"தெரியும் பாய். டீச்சர் சொல்லிருக்காக" என்றாள் அவள். "மைக் செட்டுக்காரங்க பாதியில நிறுத்திருவாங்க, கத்துனாத்தான் விடுவாங்கன்னு."

கையை எடுத்தேன். எல்லாச் சத்தமும் நின்றது. ஒருவர் கைதட்டினார், இரண்டு பேர், நாலு பேர். குழந்தையை என் மடியில் இறக்கிவிட்டு அந்தப் பெண் ஓடினாள். ஏழு நிமிஷம் முடியும்வரை அவர்களில் ஒருவர்கூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.